ஏழு வாரத் தொடர்: 'மேக்ஸிமம் பாப்' முன்வைத்து எல்மோர் லெனார்டின் தொலைக்காட்சித் தழுவல்கள் (1998–2023)

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்கக் குற்றப்புனைவு எழுத்தாளர் எல்மோர் லெனார்டின் 'மேக்ஸிமம் பாப்' (1991) நாவல் 1998இல் ஏபிசி தொலைக்காட்சியில் தொடராக வெளிவந்து, ஏழு அத்தியாயங்களோடு நின்றுபோனது. இத்தகைய குறுவாழ்வுத் தொடர்களைத் 'தோல்வியுற்ற தழுவல்கள்' என ஒதுக்குவது தழுவலாய்வில் வழக்கமாக உள்ளது. ஒரே எழுத்தாளரின் ஆக்கங்களிலிருந்து பிறந்த 'கேரன் சிஸ்கோ' (2003), 'ஜஸ்டிஃபைட்' (2010–2015), 'ஜஸ்டிஃபைட்: சிட்டி பிரைமீவல்' (2023) ஆகிய தொடர்களோடு ஒப்பிட்டு, ஒரு தொடரின் ஆயுட்காலத்தைத் தீர்மானிப்பதில் மூலப்பிரதியைவிட ஒளிபரப்பு அமைப்பே பெரும்பங்கு வகிக்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: எல்மோர் லெனார்ட், குற்றப்புனைவு, தொலைக்காட்சித் தழுவல், ஒளிபரப்பு வரலாறு, குறுவாழ்வுத் தொடர்

முன்னுரை

நாவலிலிருந்து உருவான தொலைக்காட்சித் தொடர்களை ஆராய்வோர் பொதுவாக இரண்டு வினாக்களை எழுப்புவர். தழுவல் மூலத்துக்கு எவ்வளவு நேர்மையாக உள்ளது என்பது ஒன்று. மூலத்தைக் கடந்து எதைப் புதிதாகச் சேர்த்தது என்பது மற்றொன்று. இவ்விரண்டு வினாக்களும் நீண்டகாலம் ஒளிபரப்பான தொடர்களுக்கே பெரும்பாலும் பொருத்தப்படுகின்றன. சில வாரங்களில் நின்றுபோன தொடர்கள் அடிக்குறிப்புகளாகச் சுருங்கிவிடுகின்றன. 'அது ஓடவில்லை' என்னும் செய்தியே அவற்றின் மீதான திறனாய்வாகவும் அமைந்துவிடுகிறது.

ஓடவில்லை என்பது ஒரு நிகழ்வு. அதனை மதிப்பீடாகக் கொள்வதற்கு முன் அந்நிகழ்வு எவ்வாறு நேர்ந்தது என வினவ வேண்டும். எல்மோர் லெனார்டின் ஆக்கங்கள் இவ்வினாவை ஆராய ஏற்ற களமாக அமைகின்றன. ஒரே எழுத்தாளரின் நிலப்பரப்பும் நகைச்சுவையும் பாத்திர வகைகளும் வெவ்வேறு ஒளிபரப்புச் சூழல்களில் வெவ்வேறு முடிவுகளைக் கண்டுள்ளன.

லெனார்டின் புனைவும் தொடர்வடிவமும்

லெனார்ட் (1925–2013) நியூ ஆர்லியன்ஸில் பிறந்து டெட்ராய்ட் நகரில் வளர்ந்தவர். விளம்பர நிறுவனத்தில் பணியாற்றிக்கொண்டே மேற்கத்தியக் கதைகளை எழுதத் தொடங்கியவர். 1969இல் வெளிவந்த 'தி பிக் பவுன்ஸ்' முதற்கொண்டு குற்றப்புனைவின் பக்கம் திரும்பினார். அவருடைய நாவல்களில் குற்றவாளி யார் என்பது பெரும்பாலும் மறைபொருளன்று. குற்றம் செய்பவனின் மனத்துக்குள்ளிருந்தே கதை நகரும். வாசகர் அவனுடைய பேச்சையும் பிழையான கணக்குகளையும் அருகிலிருந்து கேட்பர். விடுகதையை அவிழ்க்கும் இன்பத்தைவிட, மனிதர்கள் பேசிப்பேசித் தம்மையே சிக்கவைத்துக்கொள்ளும் காட்சியே இப்புனைவின் சுவை.

இத்தன்மை தொலைக்காட்சிக்கு ஓர் இடர்ப்பாட்டைத் தந்தது. 1990களின் அமெரிக்கத் தேசிய ஒளிபரப்பில் வேரூன்றியிருந்த குற்றத்தொடரின் முதன்மை வடிவம், வாரம் ஒரு வழக்கு, அவ்வாரமே தீர்ப்பு என்பதாகும். 'லா அண்ட் ஆர்டர்' இவ்வடிவத்தின் முழுமையான எடுத்துக்காட்டு. முற்பாதியில் காவலர் விசாரணை, பிற்பாதியில் அரசு வழக்கறிஞரின் வாதம் எனப் பிரிந்து நிற்கும் அத்தொடரை எந்த வாரத்திலிருந்தும் பார்க்கத் தொடங்கலாம். லெனார்டின் புனைவு இத்தகைய மூடிய அலகுகளாக எளிதில் உடையக்கூடியதன்று.

நாவலிலிருந்து தொடருக்கு

'மேக்ஸிமம் பாப்' நாவலின் களம் ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரம். சட்டம் அனுமதிக்கும் உச்சத் தண்டனையையே வழங்கும் வழக்கத்தால் நீதிபதி பாப் ஐசம் கிப்ஸ் இப்பட்டப்பெயரைப் பெறுகிறார். அவருடைய மனைவி லியன், முன்பு வீக்கி வாச்சி நீரூற்றில் கடற்கன்னி வேடமிட்டு நீருக்கடியில் நிகழ்ச்சி நடத்தியவர். முதலையைக் கண்ட அதிர்ச்சிக்குப் பின், நெடுங்காலத்துக்கு முன் இறந்த வாண்டா கிரேஸ் என்னும் அடிமைச் சிறுமியின் ஆவி தன் வழியாகப் பேசுவதாக அவர் நம்புகிறார். மனைவியை அச்சுறுத்தி விரட்டுவதற்காக நீதிபதி வீட்டின் பின்புறத்தில் முதலையொன்றைக் கொண்டுவந்து போடச் செய்கிறார். இறந்ததாகக் கருதப்பட்ட அம்முதலையோ உயிரோடிருக்கிறது. நன்னடத்தை அலுவலர் கேத்தி டியஸ் பேக்கரும், குற்றத்தையே குலத்தொழிலாகக் கொண்ட குரோ குடும்பத்தாரும் இக்கதைக்குள் வந்து பின்னிக்கொள்கின்றனர். இந்நாவல் வட அமெரிக்கக் குற்றப்புனைவுக்கான ஹாமெட் பரிசைப் பெற்றது.

தொடரை உருவாக்கியவர் அலெக்ஸ் கான்சா. 1995இல் லெனார்டின் 'கெட் ஷார்ட்டி' நாவலைத் திரைப்படமாக்கிய பேரி சோனன்ஃபெல்ட் இத்தொடரின் தயாரிப்பில் பங்கேற்று முதல் அத்தியாயத்தையும் இயக்கினார். போ பிரிட்ஜஸ் நீதிபதியாகவும், லிஸ் வாஸி கேத்தி பேக்கராகவும், கியர்ஸ்டன் வாரன் லியனாகவும் நடித்தனர்.

தழுவலில் இரண்டு மாற்றங்கள் முதன்மையானவை. முதலாவது, பாம் பீச்சுக்குப் பதிலாக டீப்வாட்டர் என்னும் கற்பனைச் சிற்றூர் களமாயிற்று. இரண்டாவது, நன்னடத்தை அலுவலரான கேத்தி, வறியவர்க்காக அரசின் சார்பில் வாதாடும் வழக்கறிஞராக்கப்பட்டார். இவ்விரண்டும் தற்செயலானவையல்ல. நாவல், நீதிபதியைக் கொல்லும் முயற்சி என்னும் ஒற்றைச் சரட்டைக் கொண்டு முடிவை நோக்கி விரைகிறது. அச்சரடு தீர்ந்தால் கதையும் தீரும். முடிவற்றுத் தொடர வேண்டிய தொலைக்காட்சி, கதையைக் கைவிட்டு ஊரைத் தேர்ந்தது. ஊர் இருக்கும்வரை வழக்குகள் வரும். வழக்கறிஞர் இருக்கும்வரை அவை நீதிபதியின் முன் வந்து நிற்கும். மூலத்திலிருந்து விலகிய இம்மாற்றங்கள் தொடர்வடிவத்தின் தேவையை உணர்ந்து செய்யப்பட்டவை. ஆவியும் முதலையும் நீதிமன்றமும் ஒருங்கே உலவும் விசித்திரச் சிற்றூர், 'ட்வின் பீக்ஸ்' (1990–1991), 'நார்தர்ன் எக்ஸ்போஷர்' (1990–1995) ஆகிய தொடர்கள் பழக்கிவைத்த மரபோடும் உறவுடையது.

கோடைக்கால ஒளிபரப்பு

தொடர் 1998 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கிச் செப்டம்பர் 15 அன்று முடிந்தது. இத்தேதிகளே அதன் வரலாற்றைப் பெருமளவு சொல்லிவிடுகின்றன. அமெரிக்கத் தேசிய ஒளிபரப்பின் ஆண்டுச் சுழற்சி செப்டம்பரில் தொடங்கி மே மாதத்தில் முடியும். விளம்பர நேரத்தின் பெரும்பகுதி, வரவிருக்கும் பருவத்துக்காக முன்கூட்டியே மே மாதத்தையொட்டி விற்கப்படும். கோடை என்பது மறு ஒளிபரப்புகளின் காலம். பார்வையாளர் எண்ணிக்கை குறைந்திருக்கும் காலம். அக்காலத்தில் வெளியாகும் புதிய புனைவுத் தொடர், புதிய பருவம் கதவைத் தட்டும்போது இடத்தைக் காலிசெய்ய வேண்டிய விருந்தாளியின் நிலையில் இருந்தது. 'மேக்ஸிமம் பாப்' தொடருக்கு அவ்வாறே நேர்ந்தது; இலையுதிர்காலப் பருவம் தொடங்கவிருந்த வேளையில் அது முடிந்தது.

கோடையில் வெற்றி இயலவே இயலாது என்பதன்று. மறு ஆண்டு ஆகஸ்டில் அதே ஏபிசி நிறுவனம் 'ஹூ வாண்ட்ஸ் டு பி எ மில்லியனேர்' வினாடிவினா நிகழ்ச்சியைத் தொடங்கிப் பெருவெற்றி கண்டது. 2000ஆம் ஆண்டுக் கோடையில் சிபிஎஸ் 'சர்வைவர்' நிகழ்ச்சியால் அவ்வெற்றியை உறுதிப்படுத்தியது. ஆயின் கோடை வென்று கொடுத்தது எழுத்தாளரும் நடிகரும் தேவைப்படும் புனைவுக்கு அன்று. செலவு குறைந்த, புனைவல்லா நிகழ்ச்சிகளுக்கே.

'கேரன் சிஸ்கோ': நேரடிப் போட்டி

பருவத்தின் உரிய காலத்தில் ஒளிபரப்பானால் முடிவு மாறியிருக்குமா என்னும் ஐயத்துக்கு அடுத்த தழுவல் ஓரளவு விடை தருகிறது. கூட்டரசு மார்ஷல் கேரன் சிஸ்கோ, லெனார்டின் 'அவுட் ஆஃப் சைட்' (1996) நாவலின் நாயகி. அந்நாவலை ஸ்டீவன் சோடர்பெர்க் 1998இல் திரைப்படமாக்கினார். கேரனாக ஜெனிஃபர் லோபஸ் நடித்தார். இப்பாத்திரத்தை மையமாக்கி, கார்லா குஜினோ நடிப்பில், 2003 அக்டோபர் 1 அன்று ஏபிசி தொடங்கிய தொடரே 'கேரன் சிஸ்கோ'. தந்தை மார்ஷல் சிஸ்கோவாக ராபர்ட் ஃபார்ஸ்டர் நடித்தார்.

இங்கே தழுவல் உத்தி வேறு: ஊருக்குப் பதிலாகப் பாத்திரம். பருவமும் உரியதே. ஆனால் ஒதுக்கப்பட்ட நேரம் புதன்கிழமை இரவு 10 மணி; எதிர்முனையில் என்பிசியின் 'லா அண்ட் ஆர்டர்'. வாரம் ஒரு தீர்ப்பு என்னும் வடிவத்தின் வலிமைமிக்க தொடருக்கு நேர் எதிரே, அவ்வடிவத்துக்கு இசையாத எழுத்தாளரின் உலகம் நிறுத்தப்பட்டது. படமாக்கப்பட்ட பத்து அத்தியாயங்களுள் ஏழு மட்டுமே ஏபிசியில் வெளிவந்தன. நவம்பரில் தொடர் விலக்கப்பட்டது. எஞ்சிய மூன்றையும் யுஎஸ்ஏ நெட்வொர்க் என்னும் கேபிள் அலைவரிசை பின்னர் ஒளிபரப்பியது. ஒரு நிறுவனத்துக்கு வேண்டாத அத்தியாயங்கள் மற்றொன்றுக்குப் பயன்பட்டன.

'ஜஸ்டிஃபைட்': அமைப்பு மாறியபோது

2010 மார்ச் 16 அன்று எஃப்எக்ஸ் கேபிள் அலைவரிசையில் 'ஜஸ்டிஃபைட்' தொடங்கியது. 'பிரான்டோ' (1993), 'ரைடிங் தி ராப்' (1995) நாவல்களிலும் 'ஃபயர் இன் தி ஹோல்' குறும்புனைவிலும் இடம்பெற்ற மார்ஷல் ரேலன் கிவன்ஸ் இதன் நாயகன்; தொடரை உருவாக்கியவர் கிரஹாம் யோஸ்ட். ஆறு பருவங்களில் 78 அத்தியாயங்கள் வெளிவந்தன.

விளம்பர வருவாயையே பெரிதும் நம்பிய தேசிய ஒளிபரப்பைப் போலன்றி, எஃப்எக்ஸ் போன்ற அலைவரிசைகள் சந்தாக் கட்டணத்திலும் பங்கு பெற்றன. பருவத்துக்கு ஏறத்தாழ 22 அத்தியாயங்கள் என்னும் தேசிய ஒளிபரப்பின் வழக்கத்துக்கு மாறாக, இங்கே பருவத்துக்கு 13 அத்தியாயங்களே. முதல் அத்தியாயத்தைக் கண்ட சுமார் 42 இலட்சம் பார்வையாளர்கள் அந்த அலைவரிசைக்குச் சிறந்த தொடக்கமாக அமைந்தனர். பார்வையாளர் எண்ணிக்கை என்பது தனித்து நிற்கும் அளவன்று. யார், எந்த எதிர்பார்ப்போடு எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தே அது வெற்றியாகவோ தோல்வியாகவோ பெயர் பெறுகிறது.

மறைந்த தொடர்களின் சுவடுகள்

குறுவாழ்வுத் தொடர்கள் தடயமின்றி மறைவதுமில்லை. 'மேக்ஸிமம் பாப்' நாவலின் குரோ குடும்பத்தைச் சேர்ந்த டேல் குரோ ஜூனியர், 'ரைடிங் தி ராப்' நாவலில் ரேலனோடு பயணிக்கிறான். அக்குடும்பப் பெயர் 'ஜஸ்டிஃபைட்' தொடரில் டூயி குரோ வழியாக முதலிலேயே நுழைகிறது. 2014இல் வெளியான ஐந்தாம் பருவத்தில் ஃபுளோரிடாவின் குரோ குடும்பமே ரேலனின் எதிரியாகிறது. 1998இல் ஏழு வாரம் மட்டுமே பெற்ற நாவலின் குடிவழி, மற்றொரு தொடரில் ஒரு பருவத்தையே தாங்கியது.

கேரனின் மறுவரவு இன்னும் நுட்பமானது. 2012இல் கார்லா குஜினோ 'ஜஸ்டிஃபைட்' தொடரில் மார்ஷல் துறையின் உயர் அலுவலர் கேரன் குடாலாகத் தோன்றினார். பாத்திர உரிமை வேறிடத்தில் இருந்ததால் 'சிஸ்கோ' என்னும் பெயரைப் பயன்படுத்த இயலவில்லை. நடிகையும் முதற்பெயரும் பணியுமே எஞ்சின. இதற்கு மாறாக, 'ஜாக்கி பிரவுன்' (1997), 'அவுட் ஆஃப் சைட்' (1998) ஆகிய வெவ்வேறு நிறுவனங்களின் படங்களில் மைக்கேல் கீட்டன் ரே நிக்கலெட் என்னும் ஒரே பாத்திரத்தை ஒரே பெயரில் ஏற்றார். எழுத்தாளரின் கற்பனையில் ஒன்றாயிருந்த உலகம் திரையில் ஒன்றாகுமா, துண்டாகுமா என்பதை உரிமை ஒப்பந்தங்கள் முடிவுசெய்தன.

எதிர்வாதமும் மறுமொழியும்

'ஜஸ்டிஃபைட்' சிறப்பாக எழுதப்பட்டதால் நிலைத்தது, பிற தொடர்கள் அவ்வாறு அமையாததால் வீழ்ந்தன என ஒருவர் வாதிடலாம். லெனார்டின் தொனியைக் காப்பதில் யோஸ்ட் காட்டிய கவனம் நன்கறியப்பட்டது. எழுத்தின் தரத்துக்குப் பங்கில்லை என இக்கட்டுரை கூறவில்லை. ஆனால் தரம் வெளிப்படுவதற்கும் காலம் வேண்டும். 'ஜஸ்டிஃபைட்' தன் முதற்பருவத்தின் தொடக்கத்தில் வாரம் ஒரு வழக்கு என்னும் வடிவத்தையே பெரிதும் பின்பற்றியது. ஹார்லன் வட்டாரத்தின் நெடுங்கதைக்குள் அது படிப்படியாகவே இறங்கியது. ஏழாம் அத்தியாயத்தோடு அதுவும் நிறுத்தப்பட்டிருந்தால், இன்று போற்றப்படும் தொடரின் பெரும்பகுதி பிறந்தே இராது.

முடிவுரை

2023 ஜூலை 18 அன்று, மீண்டும் ஒரு கோடையில், 'ஜஸ்டிஃபைட்: சிட்டி பிரைமீவல்' எஃப்எக்ஸில் தொடங்கி ஆகஸ்ட் 29 அன்று முடிந்தது. லெனார்டின் 1980ஆம் ஆண்டு நாவலைத் தழுவி, அந்நாவலில் இடம்பெறாத ரேலனை அதற்குள் கொண்டுவந்த இத்தொடர் எட்டு அத்தியாயங்களை உடையது. 'மேக்ஸிமம் பாப்' பெற்றதைவிட ஓர் அத்தியாயமே மிகுதி. ஒளிபரப்பான வாரங்களோ இரண்டுக்கும் ஏழே. ஆயினும் இதனை யாரும் குறுவாழ்வுத் தொடர் என அழைப்பதில்லை. வரையறுக்கப்பட்ட தொடர் என்பதே அதன் வகைப்பெயர். நாவலின் ஒற்றைச் சரட்டை ஊராகவோ வழக்குகளாகவோ மாற்றாமல், முடிவோடு சேர்த்தே சொல்வதற்கு இவ்வடிவம் இடந்தந்தது. 1998இல் அத்தகைய இடம் 'மேக்ஸிமம் பாப்' தொடருக்கு வழங்கப்படவில்லை.

ஆகவே குறுவாழ்வு என்பது பிரதியின் இயல்பன்று. ஒரு காலத்தின் ஒளிபரப்பு ஒழுங்கு பிரதிக்கு இட்ட பெயர். எந்த நாளில், எந்த நேரத்தில், எதற்கு எதிராக, யாருடைய கணக்கில் ஒரு தொடர் வைக்கப்பட்டது என்பதை முதலில் அறிந்த பின்னரே, அது ஏன் நின்றது என்னும் வினாவுக்குள் தழுவலாய்வு செல்லுதல் தகும். அவ்வாறு செல்லும்போது, தோல்விகளின் பட்டியலாக ஒதுக்கப்பட்டவற்றுள் பல, வடிவம் வாய்க்காமல் முன்னதாகவே வந்துவிட்ட முயற்சிகளாகத் தெரியவரும்.