குடிசைக் கதவுகள்

படகு சிறியது. இருபத்தைந்து பேருக்கு மேல் ஏற்றினால் ஆபத்து. ஏறியவர்களோ 82 பேர்! 1956ஆம் ஆண்டு நவம்பர் 25ஆம் நாள் பின்னிரவிலே, மெக்சிகோ நாட்டின் டுக்ஸ்பான் துறையிலிருந்து, விளக்குகளை அணைத்துக்கொண்டு அந்தப் படகு புறப்பட்டது. கிரான்மா என்பது அதன் பெயர். சேர வேண்டிய இடம் கியூபாத் தீவு. செய்ய வேண்டிய வேலை, அந்தத் தீவை ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்த பாடிஸ்டாவை வீழ்த்துவது. அவனிடம் தரைப்படை இருந்தது, விமானப்படை இருந்தது, அமெரிக்கா வாரி வழங்கிய ஆயுதங்கள் இருந்தன. படகிலே இருந்தவர்களிடம் பெரும்பாலும் இருந்தது, குமட்டலும் வாந்தியும்தான்!

சாண்டியாகோ நகரிலே நவம்பர் 30ஆம் நாள் தோழர்கள் கிளர்ந்தெழுவர். அதே நாளிலே படகும் கரை சேரும் என்பது ஏற்பாடு. நகரத்தார் சொன்னபடி எழுந்தனர், அடக்கப்பட்டனர். படகு வந்து சேர்ந்ததோ டிசம்பர் 2. அதுவும் துறையிலே அல்ல, சதுப்பு நிலத்திலே. கொண்டுவந்த கருவிகளில் பெரும்பகுதியைச் சேற்றுக்குக் கொடுத்துவிட்டு, பசியோடு நடந்தனர். டிசம்பர் 5ஆம் நாள், அலெக்ரியா தெ பியோ என்ற இடத்திலே, கரும்புக் கொல்லை ஓரம் களைத்துக் கிடந்தபோது படை வந்து தாக்கிற்று. அவர்கள் இருக்குமிடத்தைச் சென்று சொன்னவன், வழிகாட்டியாக வந்த உள்ளூரான்! செத்தவர் போக, பிடிபட்டவர் போக, மலைக்குள்ளே மீண்டும் ஒன்றுசேர்ந்தவர் ஏறத்தாழ இருபது பேர்.

1959 ஜனவரி முதல் நாள், விடிவதற்கு முன்பே, பாடிஸ்டா விமானம் ஏறி டொமினிக்கன் நாட்டுக்கு ஓடிவிட்டான். இடையிலே கழிந்தவை இருபத்தைந்து திங்கள்.

எப்படி முடிந்தது இது? துப்பாக்கியால் என்று சொல்லிவிடலாம். அது விடையல்ல. துப்பாக்கி அவனிடம்தானே ஏராளமாக இருந்தது! காட்டிக் கொடுத்த அந்த முதல் உழவனுக்குப் பிறகு வந்த உழவர்கள் ஏன் காட்டிக் கொடுக்கவில்லை என்பதைக் கண்டறிந்தால்தான் கியூபாவின் கதை நமக்கு விளங்கும்.

சற்றுப் பின்னோக்கிச் செல்வோம். 1952 ஜூன் திங்களிலே கியூபாவில் தேர்தல் நடைபெற்றிருக்க வேண்டும். பாடிஸ்டாவும் ஒரு வேட்பாளன். மக்கள் தன்னைத் தேர்ந்தெடுக்கப் போவதில்லை என்பது புரிந்தது. மார்ச் 10ஆம் நாள், படையைத் துணைக்கொண்டு ஆட்சியைப் பறித்துக்கொண்டான்; தேர்தல் ஒழிந்தது. அந்தத் தேர்தலிலே சட்டமன்றத்துக்கு நிற்க முனைந்திருந்தவர்களில் ஒருவர், இளம் வழக்கறிஞர் பிடல் காஸ்ட்ரோ. வாக்குப் பெட்டியை உடைத்தவன் பாடிஸ்டா. அதற்குப் பிறகே காஸ்ட்ரோ துப்பாக்கியைத் தேடினார். இந்த வரிசையை மறந்துவிட்டுக் கியூபாவைப் பற்றிப் பேசுவோர் பலர். 1953 ஜூலை 26இல் மொன்காடா பாசறையைத் தாக்கித் தோற்றதும், பதினைந்தாண்டுச் சிறைத் தண்டனை பெற்றதும், 1955இல் பொது மன்னிப்பிலே வெளிவந்து மெக்சிகோ சென்றதும் அதன் பின் நிகழ்ந்தவை. வழக்கு மன்றத்திலே அவர் ஆற்றிய உரையில், உழுபவனுக்கு நிலம் வேண்டும் என்பது முதன்மையான கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. ஆனால் அது நகரத்து வழக்கறிஞரின் சொல். சியரா மேஸ்ட்ரா மலையிலே வாழ்ந்த உழவன் அதைக் கேட்டிருக்கவே மாட்டான்.

அந்த உழவனைப் பாருங்கள். காட்டைத் திருத்திக் காப்பிச் செடி வைத்தவன் அவன். பட்டா இல்லை. செடி காய்க்கத் தொடங்கும் நேரத்திலே, அது எங்கள் நிலம் என்று பண்ணைக்காரனின் மேலாள் வருவான். உடன் வருவது கிராமக் காவல்படை. குடிசைக்குத் தீ. குழந்தைகளின் வயிறு புழுக்களால் உப்பியிருக்கும். தாய் முப்பது வயதிலே கிழவியாகியிருப்பாள். மருத்துவர் என்றொருவர் உண்டு என்பதே அங்கே செவிவழிச் செய்தி. கீழே சமவெளியிலே கரும்பாலைத் தொழிலாளிக்கு ஆண்டிலே ஏறத்தாழ நான்கு மாதம் வேலை; மீதி மாதங்களுக்கு அவர்கள் வைத்த பெயரே ‘செத்த காலம்’.

இந்த மக்களிடம் வந்து சேர்ந்தனர், சிதறிப்போன அந்த இருபது பேர். அவர்களைக் குடிசைக்குக் குடிசை மறைத்து அழைத்துச் சென்றவர்கள், செலியா சாஞ்செஸ் என்ற பெண்மணி முன்கூட்டியே திரட்டி வைத்திருந்த உழவர்கள். மருத்துவர் ஒருவரின் மகளான அவர், படகு வருமுன்பே அந்தப் பகுதியிலே ஆள் சேர்த்திருந்தார். வீரர்களின் படங்களை மாட்டும் சுவர்களிலே இந்த அம்மையாரின் படத்தை நாம் அதிகம் காண்பதில்லை. அவர் இல்லாதிருந்தால் மற்றப் படங்களும் இருந்திரா.

மறைத்து வைப்பது ஒன்று, உடன் நிற்பது வேறு. உழவன் உடன் நிற்கச் சிறிது காலம் ஆயிற்று. முதலில் அவன் கவனித்தது இவர்களது கொள்கையை அல்ல, இவர்கள் கையை. அரசுப் படையினன் வந்தால் கோழியைப் பிடித்துப் போவான்; இவர்கள் காசு கொடுத்து வாங்கினர். 1957 ஜனவரி 17இல் லா பிளாட்டா என்ற சிறு காவல் நிலையைத் தாக்கி முதல் வெற்றி கண்டனர். அப்போது கொல்லப்பட்டவர்களிலே ஒருவன், அந்த வட்டாரமே நடுங்கிய பண்ணை மேலாள். அதே சண்டையிலே காயமுற்ற அரசுப் படையினருக்கோ, தங்களிடம் இருந்த மருந்தைக் கொடுத்தனர். கொடியவன் யார், கூலிக்குச் சுடும் ஏழை யார் என்று பிரித்தறியும் துப்பாக்கியை அந்த மலை அதுவரை கண்டதில்லை.

படையிலே இருந்த அர்ஜென்டினா மருத்துவர் சே குவேரா, போகுமிடமெல்லாம் நோயாளிகளைப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாத தோழர்களுக்கு எழுத்துக் கற்பித்தார். அவ்வாண்டு இறுதியிலே எல் ஓம்ப்ரிட்டோ என்ற பள்ளத்தாக்கிலே அவரது பிரிவு ரொட்டி அடுப்பு அமைத்தது, படிப்பெருக்கும் பொறியிலே செய்தித்தாள் அச்சிட்டது. அங்கே அரசு ஒன்று, பிறக்கும் முன்பே நடந்து காட்டியது!

கசப்பானதும் உண்டு. யூட்டிமியோ குவேரா என்றொரு உழவன், வழிகாட்டியாக நம்பப்பட்டவன். அரசுப்படை அவனைப் பிடித்தது; பணமும் பதவியும் காட்டியது; அவன் விலைபோனான். காஸ்ட்ரோவைக் கொன்றுவிடுவதாகவும் ஒப்புக்கொண்டான். 1957 பிப்ரவரியிலே அகப்பட்டுச் சுடப்பட்டான். சாகுமுன் அவன் கேட்டது ஒன்றே: தன் பிள்ளைகளைப் புரட்சி காக்க வேண்டும். அவர்கள் வேறு பெயருடன் பள்ளியிலே படித்து வந்ததைச் சே குவேரா பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்தத் தண்டனையை நாம் புகழவில்லை. நிலமற்றவனுக்கு நிலம் தருவதாக ஆசை காட்டினால் அவன் எவர் பக்கமும் சாயக்கூடும் என்பதைத்தான் அவன் கதை சொல்கிறது.

ஆனால் அந்த ஆசையை நிறைவேற்றும் எண்ணம் பாடிஸ்டாவுக்கு இல்லையே! அவன் செய்தது என்ன? மலைவாழ் குடும்பங்களை ஊரோடு பெயர்த்துக் கீழே விரட்டினான், குண்டு வீசினான், சந்தேகப்பட்டவரைத் தூக்கிலிட்டான். புரட்சிப் படைக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர்களிலே முதலிடம் அவனுக்கே தர வேண்டும்.

மலையை மட்டுமே பார்த்து நகரத்தை மறந்துவிடுவது, வென்றவர்களே பிறகு செய்த பிழை. பணமும் ஆளும் ஆயுதமும் சாண்டியாகோவிலிருந்து ஏறி வந்தன. அவற்றை அனுப்பியவர் பிராங்க் பாயிஸ், ஒரு பள்ளி ஆசிரியர். அதே சுண்ணக்கட்டியைப் பிடிக்கும் நாம் அந்தப் பெயரைச் சற்று நிறுத்தித்தான் படிக்கிறோம். 1957 ஜூலை 30இல் தெருவிலே சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 22. யாரும் அழைக்காமலே கடைகள் மூடின, நகரம் முழுவதும் பிணத்தின் பின்னே நடந்தது. மறுநாள் அங்கு வந்த அமெரிக்கத் தூதரின் கண்ணெதிரே, முறையிட வந்த பெண்கள் மீது போலீசார் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தனர்.

1958 கோடையிலே பாடிஸ்டா தன் இறுதிப் பெரும் படையெடுப்பை நடத்தினான். ஏறத்தாழ 10,000 பேர் மலையேறினர். எதிரே நின்றவர் 300 பேர் அளவில்தான். வந்த படை எங்கே இருக்கிறது என்பது 300 பேருக்குத் தெரியும். 300 பேர் எங்கே என்பது வந்த படைக்குத் தெரியாது. மலையிலே குடிசைதோறும் கண்கள் இருந்தன. அவை ஒரு பக்கத்துக்கே பார்த்துச் சொல்லின. எல் ஹிகுவே என்ற இடத்திலே முற்றுகையிடப்பட்ட தளபதி கெவேடோ, காஸ்ட்ரோவுடன் சட்டக் கல்லூரியில் படித்தவர். அவருக்கு மரியாதையாக மடல் எழுதினார் காஸ்ட்ரோ. பசியால் வாடிய படை சரணடைந்தது. கெவேடோ பின்னர் புரட்சிப் பக்கமே சேர்ந்துவிட்டார். அந்தக் கோடையிலே பிடிபட்ட நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உயிரோடு ஒப்படைக்கப்பட்டனர். சரணடைந்தால் சாவில்லை என்று தெரிந்த பிறகு, சம்பளத்துக்கு வந்த உழவன் மகன் எதற்காகச் சாவான்? ஆகஸ்டிலே படை இறங்கிவிட்டது.

அக்டோபர் 10ஆம் நாள், மலையிலிருந்தபடியே நிலச்சட்டம் வெளியிட்டனர். குத்தகைக்காரனும் பட்டாவின்றி உழுதவனும் தான் உழும் மண்ணுக்கு உரியவன் ஆவான் என்றது அது. மே 1959இல் ஆட்சியிலிருந்து பிறந்த நிலச்சட்டத்தில் கையெழுத்திடவும் அதே மலைக்குத்தான் சென்றனர். 1961இல் ஏறத்தாழ ஓர் இலட்சம் இளைஞர் கையிலே விளக்குடனும் பாடநூலுடனும் சிற்றூர்களுக்குச் சென்று, ஏழு இலட்சம் பேருக்கு எழுத்தறிவித்தனர்.

எல்லாச் சொல்லும் காப்பாற்றப்பட்டதாக நாம் கூறவில்லை. ஓராண்டிலே பொதுத்தேர்தல் என்று 1957 ஜூலையில் மலையிலிருந்து அறிக்கை வந்தது. அந்தத் தேர்தல் வரவில்லை. வாக்குப் பெட்டியை உடைத்தவனை விரட்டியவர்கள், பெட்டியைத் திருப்பி வைக்கவில்லை. மாற்றுக் கருத்தின் ஏடுகளும் மூடப்பட்டன. நிலம் பெற்ற உழவனுக்கு அது அன்று பெரிதாகத் தோன்றியிராது. நமக்குத் தோன்றுகிறது.

இனி, கதையின் மறுபுறம். கெரில்லாப் போர் பற்றிச் சே குவேரா எழுதிய நூலிலே ஓர் எச்சரிக்கை உண்டு. மோசடியாகவேனும் வாக்குப் பெற்று, சட்டத்தின் தோற்றத்தையேனும் காத்து நிற்கும் ஆட்சிக்கு எதிராகக் கெரில்லாப் போர் முளைக்காது என்பது அதன் பொருள். 1966 நவம்பரிலே பொலிவியாவுக்குச் சென்றபோது, அந்தப் பக்கத்தை எழுதியவரே மறந்தார் போலும். அங்கே ஆண்டவன் பாரியண்டோஸ், ஒரு படைத்தலைவன். 1964இல் ஆட்சியைப் பறித்தவன்தான். ஆனால் 1966இல் தேர்தலும் நடத்திக்கொண்டான். உழவரோடு அவர்களது கெச்சுவா மொழியிலே பேசுவான். அதைவிடப் பெரிது, 1953ஆம் ஆண்டிலேயே அந்நாட்டில் நிலச் சீர்திருத்தம் வந்துவிட்டது. கையளவேனும் நிலம் பெற்ற உழவனிடம் போய், நிலம் வாங்கித் தருகிறோம், வா என்றால்?

மொழியும் கைவிட்டது. சே குவேராவின் தோழர்கள் கெச்சுவா பயின்றனர். அவர்கள் பாசறை அமைத்த நான்காஹுவாசு பகுதியிலே வழங்கியதோ குவரானி! பொலிவியப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் மோன்ஹே, தலைமை யாருக்கு என்று பிணங்கி விலகிவிட்டார். செலியாவைப் போல முன்னே சென்று பாதை போட்டவர் எவரும் இல்லை. ஐம்பது பேர் அளவிலான படை, மாதக்கணக்கிலே காட்டிலே அலைந்தது. ஓர் உழவன்கூட வந்து சேரவில்லை என்று மாதந்தோறும் நாட்குறிப்பிலே எழுதினார் அவர். கியூபாவிலே கண்ட அதே நோய்கள், அதே வறுமை, அதே மருத்துவர். குடிசைக் கதவு மட்டும் திறக்கவில்லை.

1967 அக்டோபர் 8ஆம் நாள், யூரோ பள்ளத்தாக்கிலே அவர் பிடிபட்டார். படைக்குச் செய்தி சொன்னவன் ஓர் உழவன். லா ஹிகுவேரா என்ற சிற்றூருக்குக் கொண்டு சென்று அடைத்த இடம், மண்சுவர்ப் பள்ளிக்கூடம். மறுநாள் அந்த வகுப்பறையிலேயே சுட்டுக் கொன்றனர்.

இன்று அந்தச் சிற்றூரிலும் அருகிலுள்ள வாயேகிராண்டேயிலும் வாழும் எளிய மக்களிலே பலருக்கு அவர் ‘புனித எர்னெஸ்டோ’. காணாமற்போன மாடு கிடைக்கவும் நோய் தீரவும் அவர் படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். கடவுள் நம்பிக்கையற்ற அந்த மருத்துவரை உயிரோடு உள்ளே விடாத குடிசைகளிலே, அவர் படம் இயேசுநாதர் படத்துக்கு அருகே தொங்குகிறது.