சோழிக் கணக்கும் நிரல் ஏடும்

வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இருவகை தமிழரிடையே வழங்குகின்றன. இரண்டிலும் திதி நேரங்கள் வேறுபடுவதைச் செராஸிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பஞ்சாங்கம் பார்ப்போர் அறிவர். ஆயின், ‘வாக்கியம்’ என்னும் பெயர் எவ்வாறு வந்ததென எண்ணுவோர் சிலரே. இன்னதன்பின் இன்னது செய்க என்னும் கட்டளை வரிசையை நிரல் என்கிறோம். அத்தகைய நிரல் ஒன்றின் வரலாறு இப்பெயருள் அடங்கியுள்ளது.

சந்திரன் ஓரிடத்தில் விரைந்தும் ஓரிடத்தில் மெல்லவும் செல்வது. இவ்வேற்றத்தாழ்வு 248 நாள்களில் ஏறக்குறைய ஒன்பது சுற்று முடிகிறது. எனவே, 248 நாள்களுக்குரிய நிலைகளை வகுத்துவிட்டால் அவற்றையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம். அந்த எண்களைச் சொற்களாக்கி அமைத்தவையே வாக்கியங்கள். வரருசி இயற்றியவை என்பது மரபு. வடமொழி மெய்களுக்கு எண்மதிப்புத் தரும் ‘கடபயாதி’ முறையில் ர என்பது 2, ம என்பது 5. வலமிருந்து படிக்க, ‘ராம’ என்னும் சொல் 52 ஆகும்.

இக்கணக்கு நடைமுறையில் இயங்கியதை ஜான் வாரன் என்பார் நேரிற் கண்டார். புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்தும், மனனம் செய்த வாக்கியங்களைக் கொண்டும் 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். அவர் வானநூற் கொள்கை அறியாதவர், நினைவாற்றல் மிக்கவர். வாரன் அம்முறையைப் படிப்படியாக எழுதித் தம் ‘கால சங்கலித’த்தில் 1825இல் வெளியிட்டார். அதை ஆராய்ந்த அறிஞர் நாய்கெபாவர், 1952இல் தமிழ் வானவியல் பற்றி விரிவான கட்டுரை வரைந்தார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே. நடுவில் 23, முடிவில் 52 நிமிடம்.

இந்நிலையை 1974இல் வெளிவந்த எச்.பி.-65 என்னும் கையடக்கக் கணிப்பானோடு ஒப்பிடலாம். அதில் 100 படிகள் கொண்ட நிரலை நாமே எழுதிக் காந்த அட்டையில் பதித்து வைக்கலாம். எண்களை வைக்க ஒன்பது நினைவறைகள் உண்டு. சோழிக் குவியலின் தொழிலை அவை செய்தன. கோணக் கணக்குகளைச் செய்தால் ஒன்பதாம் அறையிலுள்ள எண் அழிந்துவிடும். அட்டை இதைச் சொல்லாது. ஆகவே, ஒவ்வொரு படியின் நோக்கமும், எந்த அறையில் எந்த எண் என்பதும் தனித்தாளில் எழுதப்பட்டன. அத்தாள் இன்றேல், எழுதியவருக்கே சில திங்களில் தம் நிரல் புதிராகிவிடும்.

நம் மரபும் இதனை அறியாததன்று. 1300ஆம் ஆண்டளவில் தோன்றிய ‘வாக்கியகரண’த்துக்குச் சுந்தரராஜர் உரை கண்டார், மூலமும் உரையும் 1962இல் சென்னையில் அச்சேறின. வாக்கியம் கணக்கைச் செய்வித்தது. உரை அதன் காரணத்தை விளக்கிற்று. புதுச்சேரிக் கணிதரிடம் முன்னது நிறைந்திருந்தது, பின்னது இல்லை. கிரகணம் முடியும் நேரம் 52 நிமிடம் பிழைத்தபோது, எப்படியைத் திருத்துவது என ஆராயக் காரணமறிவு வேண்டும். மனனம் மட்டும் அதற்குப் போதாது.

ஆசிரியர்க்கு இதிற் பாடம் உண்டு. வாய்பாடு ஒப்பிக்கும் மாணவனைப் பாராட்டுவோம். அதனோடு, வழிக்கணக்கின் ஒவ்வொரு படிக்கும் அருகே ‘ஏன்’ என்பதை ஒரு வரியில் எழுதவும் பழக்குவோம். அவன் எழுதிய கணக்கை நாளை வேறொருவர் திருத்தவும் வளர்க்கவும் அந்த ஒரு வரியே துணையாகும்.