டெல்டா கல்லூரிகளும் அகில இந்தியக் கூடைப்பந்தும்

அகில இந்தியப் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் போட்டியில் கல்லூரிகள் தம் பெயரில் ஆடுவதில்லை. கும்பகோணத்திலோ பூண்டியிலோ படிக்கும் மாணவர், தம் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கிறதோ அதன் பெயரைத்தான் பனியனில் அணிந்து ஆட வேண்டும். அதனால் காவிரி டெல்டாவின் கல்லூரிக் கூடைப்பந்து வரலாறு, பெரும்பாலும் அந்த இணைப்புகள் மாறிவந்த வரலாறுதான்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்தில் கூரைக்கடியில் ஆட 13 விதிகளோடு இந்த ஆட்டத்தை உருவாக்கினார். தமிழகத்தில் அது வேரூன்றியதில் ஹாரி குரோ பக்கின் பங்கு பெரிது. 1920இல் சென்னையில் அவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, பின்னர் கல்லூரியாக வளர்ந்தது. அங்கே பயின்றவர்கள் மாகாணத்துப் பள்ளி, கல்லூரிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களாகச் சென்றார்கள். வெளியூர்களில் ஆட்டம் பரவ அவர்களே முதல் காரணம். முதல் தேசிய ஆடவர் போட்டி 1934இல் டெல்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் உருவானது.

பல்கலைக்கழகங்களை ஒன்றுசேர்த்த வாரியம் 1925இல் ஏற்பட்டது. அதுவே இன்றைய இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். எல்லா விளையாட்டுகளிலும் சேர்த்துச் சிறந்து விளங்கும் பல்கலைக்கழகத்துக்கு மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் வழங்கப்படுகிறது. இதுவும் பல்கலைக்கழகத்துக்கான பரிசே. அமெரிக்காவில் 1939இல் எட்டு அணிகளோடு தொடங்கிய தேசியக் கல்லூரிப் போட்டியின் முறை வேறு. ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தன் பெயரிலேயே ஆடியது. 

1854இல் பள்ளியாகத் தொடங்கிய கும்பகோணம் அரசு கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. தஞ்சாவூர் சரபோஜி கல்லூரி (1955), பூண்டி புஷ்பம் கல்லூரி (1956), தஞ்சாவூர் குந்தவை நாச்சியார் மகளிர் கல்லூரி (1966) ஆகியவையும் அவ்வாறே. இங்கிருந்து அகில இந்தியக் களத்துக்குப் போக விரும்பியவர், சென்னை நகரின் பெரிய கல்லூரிகளது ஆட்டக்காரர்களோடு மோதி, பன்னிரண்டு பேர் அணியில் ஓர் இடத்தைப் பிடித்தாக வேண்டும். ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவருக்கு அது கடினமான வழி. கொள்ளிடத்துக்கு வடக்கே, சிதம்பரத்தில் 1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நிலைமை வேறு. ஒரே வளாகம், விடுதி வாழ்க்கை. சேர்ந்து பயிற்சி எடுக்கும் மாணவர்களே பல்கலைக்கழக அணியும் ஆனார்கள்.

1982இல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் தொடங்கியதும் டெல்டா கல்லூரிகள் அதன்கீழ் வந்தன. டெல்டாவின் கூடைப்பந்துக்கு அதுவே பெரிய திருப்பம். தேர்வுக் களம் தஞ்சாவூரிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் வந்துவிட்டது. சென்னைக் கல்லூரிகளின் போட்டியும் விலகியது. பிறகு அணி மீண்டும் பிரிந்தது. 2001இல் அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் கல்லூரிகளைத் தன்கீழ் எடுத்துக்கொண்டது. தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்தின் சாஸ்த்ரா, நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்று, தன் பெயரிலேயே அணி அனுப்பும் உரிமையை அடைந்தது. ஒரே ஊரில் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் வளர்ந்த இருவர், மண்டலப் போட்டியில் எதிரெதிர் அணிகளில் நிற்கும் நிலை இப்படித்தான் வந்தது.

அகில இந்தியப் போட்டியை எட்டும் வழி படிப்படியானது. முதலில் பல்கலைக்கழகத்துக்குள் கல்லூரிகளுக்கிடையேயான போட்டி. அதில் கண்டெடுக்கப்படுபவர்களுக்குத் தேர்வும் பயிற்சி முகாமும். அடுத்தது தென்மண்டலப் போட்டி. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி பல்கலைக்கழகங்கள் அதில் மோதுகின்றன. மண்டலத்துக்கு நான்கு அணிகள் அகில இந்தியப் போட்டிக்குத் தகுதி பெறும். தென்மண்டலத்தில் நான்காவதாக வருவதே அரிய சாதனை.

டெல்டாவுக்கே உரிய சிரமம் மழை. கல்லூரி அணிகள் தயாராக வேண்டிய ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. சம்பா வயலுக்கு உயிரான அந்த நீர், கூரையில்லாத சிமென்ட் களத்தில் தேங்கினால் பந்து தட்ட முடியாது. ஓடினால் கால் வழுக்கும். நெய்ஸ்மித் கூரைக்கடியில் ஆட வகுத்த விளையாட்டு இங்கே திறந்தவெளி ஆட்டமாகிவிட்டதன் விலை இது. உள்ளரங்கம் உள்ள வளாகம் மழை நாட்களிலும் பயிற்சியைத் தொடர்கிறது. மற்றவை வெயிலுக்காகக் காத்திருக்கின்றன.

2020இல் புவனேஸ்வரத்தில் முதன்முறையாக நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளில் கூடைப்பந்தும் இடம்பெற்றது. அகில இந்தியப் போட்டியில் முன்னணியில் முடிக்கும் அணிகளே அதற்குத் தகுதி பெறுகின்றன. அங்கும் பட்டியலில் இருப்பவை பல்கலைக்கழகங்களின் பெயர்களே.