பனிமலை திருப்பித் தந்த மைந்தன்

இரண்டாம் உலக மகாயுத்தம் நடைபெற்ற காலம். 1942 நவம்பர் 18ஆம் திகதி, கலிபோர்னியாவிலிருந்து பயிற்சிக்கென எழுந்த அமெரிக்க விமானமொன்று நால்வருடன் மறைந்தது. அவர்களுள் ஒருவர் லியோ மஸ்ரோனன். பின்லாந்திலிருந்து குடியேறிய பெற்றோரின் புதல்வர், வயது 22.

1947இல் விமானத்தின் சிதைவுகள் சியரா நெவாடா மலையிற் காணப்பட்டன. நால்வருக்கும் பொதுக் கல்லறையொன்று அமைந்தது. 2005இல் மலையேறச் சென்றோர் பனிப்பாறையில் உறைந்திருந்த உடலொன்றைக் கண்டனர். ஹவாயிலுள்ள இராணுவ ஆய்வுகூடம் அது லியோவினதே என உறுதிசெய்தது. 2006 மார்ச் மாதம், மினசோட்டா மாநிலத்திலுள்ள சொந்த ஊரான பிறெய்னேட்டில் அவர் நல்லடக்கஞ் செய்யப்பட்டார்.

மகனை அடக்கஞ் செய்யும் பேறு பெற்றோருக்குக் கிட்டவில்லை. அவர்கள் முன்னரே காலமாகியிருந்தனர். ஆயினும், பொதுக் கல்லறை இருக்கின்றதே என அரசு வாளாவிருக்கவில்லை. இறந்தோர்க்குரிய கடன் காலத்தால் அழிவதன்று என்பதை இளைஞர் உளங்கொள்வாராக.