எஃப்/1.4 லென்ஸ் வாங்கினால் போகஸ் தப்பாதா?

"காஸ்ட்லி லென்ஸ் போட்டா போகஸ் பக்காவா விழும்" என்பார்கள். இது பாதிதான் உண்மை.

டி.எஸ்.எல்.ஆர் கேமராவில் போகஸுக்கென தனி சென்சார் உண்டு. லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியே வரும் ஒளியை ஒப்பிட்டு அது போகஸைக் கணக்கிடும். ஓரங்களுக்கு இடையே தூரம் கூடினால் துல்லியமும் கூடும்.

பெரும்பாலான போகஸ் புள்ளிகள் எஃப்/5.6 அளவுக்கே வடிவமைக்கப்பட்டவை. சில கேமராக்களில் நடுப்புள்ளி எஃப்/2.8க்கும் ஏற்றது. எஃப்/2.8 லென்ஸ் போட்டால் அந்தப் புள்ளி கூடுதல் துல்லியம் தரும். எஃப்/1.4 போட்டாலும் அதற்கு மேல் கூடாது.

சிக்கலும் இங்கேதான். எஃப்/1.4ல் ஷார்ப்பாக விழும் பகுதி ரொம்ப மெல்லியது. கண்ணில் விழ வேண்டிய போகஸ் காதுக்குப் போனா, கல்யாண போட்டோ வீண்தான்.

என்ன செய்யலாம்? குளோசப்புக்கு எஃப்/2.8, எஃப்/4 என வையுங்கள். டி.எஸ்.எல்.ஆரில் போகஸ் ஆகும்போது லென்ஸ் முழுதாகத் திறந்தே இருக்கும். எனவே துல்லியம் குறையாது, சிறு பிழையும் மறையும்.

மிரர்லெஸ் கேமராவில் படம் பதிவாகும் சென்சாரிலேயே போகஸ் நடக்கிறது. அதனால் தனி சென்சாரால் வரும் பிசகு இல்லை. மங்கலான மண்டபத்தில் எஃப்/1.4 தரும் கூடுதல் வெளிச்சமும் உதவும்.

லென்ஸுக்குப் பணம் கட்டும் முன், உங்க கேமரா மேனுவலில் எந்தப் புள்ளி எஃப்/2.8க்கு ஏற்றது என்று பாருங்க.