எந்தக் கையும் கட்டாத அணை

அணை என்ற சொல்லைக் கேட்டவுடன் கல்லும் மண்ணும் சுமந்த மனிதக் கரங்களே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் எந்தக் கையும் தொடாமல், ஒரே மாலைப் பொழுதில், ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் நீளத்திற்கு எழுந்த அணை ஒன்று நம் நாட்டின் மேற்கெல்லையில் உண்டு. குஜராத் மாநிலத்தின் கட்ச் பகுதியில், பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய 'ரண்' என்னும் உவர்நிலப் பரப்பில் அது கிடக்கிறது. மக்கள் அதற்கு இட்ட பெயர் 'அல்லா பந்த்'. இறைவனின் அணை என்பது அதன் பொருள். இப்பெயரின் காரணத்தைத் தேடப் புகுந்தால், மண்ணின் வரலாறும் மனிதரின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதை நாம் காண்கிறோம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை சிந்து நதியின் கிழக்குக் கிளை ஒன்று கட்ச் வழியாகப் பாய்ந்து கடலில் கலந்தது. அதன் நன்னீரால் லக்பத் பகுதியில் நெல் விளைந்தது. அக்காலத்தில் சிந்து நாட்டை ஆண்ட குலாம் ஷா கல்ஹோரா கட்ச் மீது படையெடுத்து வந்தார். 1762இல் ஜாரா என்னுமிடத்தில் நடந்த போரில் இரு தரப்பிலும் திரளானோர் மடிந்தனர். ஆயினும் கட்ச் பணியவில்லை. வாளால் முடியாததை அவர் மண்ணால் முடித்தார். தம் நாட்டெல்லைக்குள் அந்த ஆற்றின் குறுக்கே அணை எழுப்பி நீரைத் தடுத்தார். பின்வந்த ஆட்சியாளரும் அவ்வழியே மேலும் அணைகளைக் கட்டினர். நன்னீர் நின்றது, கடலின் உவர்நீர் ஏறியது, நெல்வயல்கள் உப்புத் தரையாயின.

இந்நிலையில்தான் 1819ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் மாலை, ஏழு மணிக்குச் சற்று முன், நிலம் நடுங்கியது. பூஜ் நகரில் ஆயிரக்கணக்கான வீடுகள் இடிந்தன. தொலைவிலுள்ள அகமதாபாத்தில் ஜாமா மசூதியின் புகழ்பெற்ற தூபிகள் சரிந்தன. ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு பேர் உயிரிழந்தனர். ரண் பகுதியில் சுங்கச் சாவடியாக விளங்கிய சிந்த்ரி என்னும் சிறு கோட்டை, தான் நின்ற நிலத்தோடு தாழ்ந்தது. கடல்நீர் உட்புகுந்து சில மணி நேரத்தில் அப்பரப்பை ஏரியாக்கியது. அங்கிருந்தோர் கோபுரமொன்றில் ஏறித் தப்பி, மறுநாள் படகில் கரை சேர்ந்தனர். லக்பத் அருகே, கடல் வற்றும் வேளையில் ஓரடி நீரே ஓடிய துறை, பதினெட்டு அடிக்கும் மேல் ஆழமாயிற்று.

சிந்த்ரிக்கு வடக்கே ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர் தொலைவில், முன்பு சமவெளியாக இருந்த இடத்தில் நீண்ட மேடு ஒன்று எழுந்து நின்றதை மக்கள் கண்டனர். ஆற்றின் குறுக்கே மனிதர் கட்டிய அணைகளை அவர்கள் நன்கறிவர். அவற்றினின்று இதனை வேறுபடுத்திக் காட்டவே 'அல்லா பந்த்' என்று பெயரிட்டனர்.

நிலவியலாரின் விளக்கமும் இதையொட்டியே அமைகிறது. இந்திய நிலத்தட்டு வடக்கு நோக்கி நெருக்கிச் செல்வதால் ஆழத்துப் பாறைகளில் இறுக்கம் நெடுங்காலம் சேர்கிறது. பாறை அதனைத் தாங்க இயலாத நாளில், ஏற்கெனவே உள்ள பிளவின் வழியே சட்டென நழுவுகிறது. கட்சில் அப்பிளவு வடக்கு நோக்கிச் சாய்ந்துள்ளது. எனவே வடபகுதி தென்பகுதியின் மேல் ஏறியது. வடக்கே மேடும் தெற்கே பள்ளமும் உண்டாயின. விரித்த பாயை ஒரு முனையில் தள்ளினால் அது மடிந்து எழுவதுபோல், மேலிருந்த வண்டல் மடிந்து எழுந்தது. அதன் தென்முகம் செங்குத்தாகவும் வடபுறம் மெல்லிய சரிவாகவும் அமைந்தது இதனால்தான்.

1826இல் சிந்து நதி பெருவெள்ளமாய்ப் புரண்டது. மனிதர் கட்டிய அணைகள் உடைந்தன; அல்லா பந்த்தையும் ஆறு அறுத்துக்கொண்டு சிந்த்ரி ஏரியில் பாய்ந்தது. 1828இல் படகேறி அங்குச் சென்ற அலெக்சாண்டர் பர்ன்ஸ், பரந்த நீரின் நடுவே எஞ்சி நின்ற ஒரே கோபுரத்தைக் கண்டார். ஆறு அறுத்த கரையில் சிப்பிகள் நிறைந்த களிமண் தெரிந்தது. மலையும் பள்ளமும் இன்றும் தொழிற்படும் இயற்கை ஆற்றல்களாலேயே உருவாகின்றன என்று வாதிட்ட சார்லஸ் லயல், தம் 'நிலவியல் கோட்பாடுகள்' நூலில் இம்மேட்டைச் சான்றாகக் காட்டினார். 1844இல் பேக்கர் என்னும் பொறியாளர் அளந்தபோது அதன் உயரம் சுமார் ஆறு மீட்டர் இருந்தது.

மேடு மட்டுமே சுவடு அன்று. நடுக்கத்தின்போது நீரில் ஊறிய மணல் குழம்பாகி, மேற்படலத்தைக் கிழித்துக்கொண்டு ஊற்றாய்ப் பீறிடுகிறது. பின்னர் வண்டல் மூடினாலும் அம்மணல் மண்ணடுக்கில் தழும்பாய்த் தங்குகிறது. இத்தகைய தழும்புகளை ரண் பகுதியில் அகழ்ந்து ஆராய்ந்த நம் நாட்டு அறிஞர்கள், சுமார் 800 முதல் 1,000 ஆண்டுகளுக்கு முன்பும் அங்கு ஒரு பெருநடுக்கம் நிகழ்ந்திருக்க வேண்டும் எனக் கண்டனர். ஏடுகளில் இடம்பெறாத பேரிடரை மண் எழுதி வைத்திருந்தது.

2001 ஜனவரி 26 அன்று கட்ச் மீண்டும் நடுங்கியது. ஏறத்தாழ இருபதாயிரம் உயிர்கள் மறைந்தன. ஆனால் இம்முறை அல்லா பந்த் போன்றதொரு மேடு எழவில்லை. பிளவு ஆழத்திலேயே புதைந்து நின்றது. மண்ணில் பதியும் சுவடு மனிதத் துயரத்தின் அளவுகோல் அன்று என்பதை நாம் இங்கே உணர்கிறோம். நொறுங்கிய வீட்டின் அடியில் மகவை இழந்த தாயின் கண்ணீரை எந்த மண்ணடுக்கிலும் தேட முடியாது. அதனை நினைவில் வைத்து, அடுத்த தலைமுறைக்கு உறுதியான வீடுகளைக் கட்டித் தருவது நம் கடமை.

ஒரேபு மலையில் எலியா நிலநடுக்கத்தில் ஆண்டவரைக் காணவில்லை என்பதை நாம் அறிவோம். ஆதலால் 'இறைவனின் அணை' என்ற பெயரை இறைவன் மீது சாட்டிய பழியாக நாம் கொள்ள வேண்டியதில்லை. எது மனிதன் செய்தது, எது மனிதன் செய்யாதது என்று பிரித்தறிந்த எளிய மக்களின் நேர்மையே அப்பெயரில் விளங்குகிறது. நிலம் நடுங்கிய நாளையும் வேளையையும் வரலாறு குறித்து வைத்திருக்கிறது. ஆனால் மனிதச் சினம் கட்டிய அணையால் ஒவ்வொன்றாய்க் கருகிய வயல்களுக்கு அத்தகைய நாள் இல்லை. பேரிடர் வரும்போதெல்லாம் 'இறைவன் ஏன் இதைச் செய்தார்?' என்று கேட்கும் நாம், நம் கைகள் கட்டிய அணைகளையும் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.