ஆட்டப் பட்டியலில் ஓர் இடம்

மெல்போர்னில் 1859 மே மாதம் டாம் வில்ஸும் அவருடைய தோழர்களும் ஒரு விடுதியில் கூடிப் பத்து விதிகளை எழுதினார்கள். ஆஸ்திரேலியக் கால்பந்து அப்படித்தான் உருப்பெற்றது என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். இன்றைய ஆட்டத்தில் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். பந்து முட்டை வடிவம், மைதானம் நீள்வட்டம். இரு கோடிகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் ஆறு புள்ளி, ஓரக் கம்பங்களுக்குள் போனால் ஒரு புள்ளி. இந்த ஆட்டம் நகரத்தை விட்டுக் கோதுமை வயல்களுக்கும் பழத்தோட்டங்களுக்கும் நடுவே இருந்த சிற்றூர்களுக்குப் போனபோது அதன் பொருள் வேறானது. விக்டோரியா மாநிலத்தின் நாட்டுப்புறத்தில் கால்பந்துக் கழகம் என்பது ஊரின் இன்னொரு பெயர். பள்ளி மூடப்படலாம், வங்கிக் கிளை போய்விடலாம், ரயில் நிற்காமல் போகலாம். சனிக்கிழமை ஆட்டப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை அந்த ஊர் இருக்கிறது. ஆள் போதாமல் இரண்டு கழகங்கள் இணைய நேர்ந்தால்கூட, இரண்டு ஊர்ப் பெயர்களையும் கோடிட்டுச் சேர்த்தே புதுப் பெயர் வைப்பார்கள். பெயரை விடுவதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை.

அந்தப் பட்டியலில் இடம்பெறுவது எவ்வளவு பெரிய உரிமை என்பது, அது இயல்பாகவே கிடைத்த ஊர்களின் வரலாற்றில் தெரியாது. அதற்காகக் காத்துக்கிடந்தவர்களின் வரலாற்றில்தான் தெரியும். எனவே இந்த வாரம் ஷெப்பர்டன் நகரின் ரம்பலாரா கழகத்தை எடுத்துக்கொள்வோம். மர்ரே ஆற்றங்கரையின் ஆதிக்குடிகளான யோர்ட்டா யோர்ட்டா மக்களின் கழகம் அது. நிலம், குழந்தை, குடியிருப்பு என ஒவ்வொன்றாக இழந்த ஒரு மக்கள் கூட்டம் தன்னை ஒரு சமூகமாகக் காத்துக்கொண்ட அமைப்புகளுள் கால்பந்துக் கழகம் முதன்மையானது என்பதே என் வாதம். அதை விளையாட்டு வரலாற்றின் ஓரத்தில் ஒதுக்காமல் அரசியல் வரலாற்றின் நடுவில் வைத்துப் படிக்க வேண்டும்.

கதை கம்மரகஞ்சாவில் தொடங்குகிறது. மர்ரே ஆற்றின் வடகரையில், நியூ சவுத் வேல்ஸ் எல்லைக்குள், விக்டோரியாவின் பார்மா காட்டுக்கு எதிரே அமைந்த குடியிருப்பு அது. மலோகா என்ற கிறிஸ்தவ மிஷனில் இருந்தவர்களில் பெரும்பாலோர் 1888-இல் இங்கே குடிபெயர்ந்தார்கள். காட்டை அழித்து நிலத்தைத் திருத்திக் கோதுமை பயிரிட்டார்கள். குடும்பங்களுக்குத் தனித்தனி நிலத்துண்டுகளும் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அந்த நிலத்துண்டுகள் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டன. 1909-ஆம் ஆண்டுச் சட்டமும் 1915-இல் வந்த அதன் திருத்தமும் ஆதிக்குடிப் பாதுகாப்பு வாரியத்தின் கையில் எல்லையற்ற அதிகாரத்தைக் கொடுத்தன. பெற்றோரின் சம்மதம் இல்லாமலே குழந்தைகளை எடுத்துச் செல்ல வாரியத்தால் முடிந்தது. டக்ளஸ் நிக்கல்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவன், பதினாறு வயது அக்கா ஹில்டாவைப் போலீசார் பிடித்துக்கொண்டு போவதைக் கண்ணால் பார்த்தது இந்தக் குடியிருப்பில்தான். கூட்டமுண்ட்ராவில் இருந்த, ஆதிக்குடிச் சிறுமிகளை வீட்டுவேலைக்குப் பழக்கும் இல்லத்துக்கு அவளைக் கொண்டுபோனார்கள்.

இந்தக் குடியிருப்பில் இரண்டு இடங்களில் மட்டும் மக்கள் தலைநிமிர்ந்து நின்றார்கள். ஒன்று பள்ளிக்கூடம். மொரீஷியஸில் இந்தியக் குடும்பத்தில் பிறந்து ஆஸ்திரேலியா வந்த தாமஸ் ஷாட்ராக் ஜேம்ஸ் அங்கே ஆசிரியர். ஆதிக்குடிப் பெண்ணான அடா கூப்பரை மணந்து அந்த மக்களில் ஒருவராகவே அவர் வாழ்ந்தார். அடாவின் அண்ணன் வில்லியம் கூப்பர் உட்படப் பிற்காலத்தில் ஆதிக்குடி உரிமைப் போராட்டத்தை நடத்திய ஒரு தலைமுறை அவரிடம் எழுதப் படித்துக்கொண்டது. இன்னொன்று கால்பந்து மைதானம். சுற்றுவட்டார வெள்ளையர் ஊர்களின் அணிகளோடு ஒரே லீக்கில் கம்மரகஞ்சா ஆடியது. 1920களில் பட்டங்களையும் வென்றது. அன்றைய நிலையில் வைத்து இதை எண்ணிப் பாருங்கள். குடியிருப்பை விட்டு வெளியே போக வாரியத்தின் மேலாளருடைய அனுமதி வேண்டும், ரேஷனுக்கு மேலாளரின் தயவு வேண்டும். ஆனால் சனிக்கிழமை மதியம் யாரைக் களமிறக்குவது, யார் தலைவன், எப்படி ஆடுவது என்பதை அவர்களே முடிவுசெய்தார்கள். ஆட்டப் பட்டியலில் மற்ற ஊர்களின் பெயர்களுக்குச் சமமாகக் கம்மரகஞ்சாவின் பெயரும் அச்சாகியிருந்தது.

“திறமை இருந்தால் எந்த அணியிலும் இடம் கிடைத்திருக்குமே, தனிக் கழகம் எதற்கு?” என்று ஒருவர் கேட்கலாம். இதற்கு நிக்கல்ஸின் வாழ்க்கையே சான்று. அருகிலிருந்த டொங்காலா அணியில் ஆடிப் பெயர் வாங்கிய அவர் மெல்போர்னுக்குப் போய் கார்ல்டன் கழகத்தில் வாய்ப்புத் தேடினார். கறுப்பர் என்பதால் அங்கே விரட்டப்பட்டார். அவர் உடம்பு நாறுகிறது என்று சக ஆட்டக்காரர்கள் சொன்னார்கள். நார்த்கோட் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது; 1929-இல் அந்தக் கழகம் பட்டம் வென்றபோது அவர் அதில் இருந்தார். ஐந்தடி இரண்டு அங்குல உயரமே உள்ள அந்த மனிதர் 1932 முதல் 1937 வரை ஃபிட்ஸ்ராய் கழகத்துக்காக 54 ஆட்டங்கள் ஆடினார்; 1935-இல் விக்டோரியா மாநில அணியிலும் இடம்பெற்றார். பின்னாளில் மதபோதகராகி, 1972-இல் சர் பட்டம் பெற்று, 1976-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் ஆளுநரானார். தனிமனிதனின் திறமைக்குக் கதவு திறந்ததற்கு இது பெரிய எடுத்துக்காட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் ஆளுநர் மாளிகைக்குப் போன காலத்தில் அவருடைய மக்கள் எங்கே இருந்தார்கள் என்றும் கேட்க வேண்டும். ஒருவனை அணியில் சேர்த்துக்கொள்வது அவன் காலுக்குக் கிடைத்த மதிப்பு. ஒரு கழகத்தை லீக்கில் சேர்த்துக்கொள்வது அவனுடைய மக்களுக்குக் கிடைத்த மதிப்பு. முதலாவதைத் தரத் தயங்காத பலர் இரண்டாவதைத் தரப் பல பத்தாண்டுகள் மறுத்தார்கள்.

அந்தப் பத்தாண்டுகள் 1939 பிப்ரவரி 4-ஆம் தேதி தொடங்கின. போதாத ரேஷன், நோய், மேலாளரின் கொடுமை ஆகியவற்றைப் பொறுக்க முடியாமல் ஏறத்தாழ இருநூறு பேர் கம்மரகஞ்சாவை விட்டு வெளியேறி, ஆற்றைக் கடந்து, விக்டோரியாப் பக்கம் பார்மாவில் முகாமிட்டார்கள். ஆஸ்திரேலிய ஆதிக்குடிகள் இப்படி ஒட்டுமொத்தமாக வெளிநடப்புச் செய்த முதல் போராட்டங்களுள் இது ஒன்று. பலர் திரும்பிப் போகவில்லை. மூரூப்னாவுக்கும் ஷெப்பர்டனுக்கும் இடையே கோல்பர்ன் ஆற்றுப் படுகையில், வெள்ளம் வந்தால் மூழ்கும் தாழ்நிலத்தில், சாக்குத்துணியாலும் தகரத்தாலும் குடிசை போட்டுக்கொண்டார்கள். பழத்தோட்டத்தில் பறிக்கும் வேலையும், பழங்களை டப்பாவில் அடைக்கும் ஆலை வேலையும் சோறு போட்டன. 1954-இல் எலிசபெத் அரசி அந்த வழியாக வந்தபோது குடிசைகள் கண்ணில் படாமலிருக்கச் சாலையோரம் சாக்குப் படுதா கட்டினார்கள் என்று அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள். 1958-இல்தான் மூரூப்னாவின் ஓரத்தில் பத்துக் கான்கிரீட் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டன. அந்தக் குடியிருப்பின் பெயர் ரம்பலாரா.

இனி லீக் என்ற அமைப்பு எப்படி இயங்குகிறது என்பதைப் பார்க்க வேண்டும். வாதத்தின் அச்சாணி அதில்தான் இருக்கிறது. நாட்டுப்புற லீக் என்பது கழகங்களின் கூட்டமைப்பு. புதிய கழகம் வேண்டுமானால் ஏற்கெனவே இருக்கும் கழகங்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதித்தபின் ஒவ்வொரு கழகமும் மற்றதன் மைதானத்துக்குப் போய் ஆட வேண்டும். காலையில் சிறுவர் அணி, பிறகு இரண்டாம் அணி, மதியம் முதல் அணி, பக்கத்து ஆடுகளத்தில் பெண்களின் நெட்பால் என்று நாள் முழுக்க நடக்கும். வருகிறவர்கள் எதிரணியின் வாசலில் நுழைவுக் கட்டணம் கொடுத்து, அவர்களுடைய கேண்டீனில் சாப்பிட்டு, அவர்களுடைய எல்லைக்கோட்டருகே பிள்ளைகளை நிறுத்தி ஆட்டம் பார்க்கிறார்கள். ஆகவே ஒரு கழகத்தை ஏற்பது என்றால் அதன் வீட்டுக்கு விருந்தாளியாகப் போகச் சம்மதிப்பது. ரம்பலாரா மக்கள் பல ஆண்டுகள் விண்ணப்பித்தும் கிடைக்காமல் இருந்தது இந்தச் சம்மதம்தான். பால் பிரிக்ஸ் தலைமையில் விடாமல் முயன்று 1997-இல் லீக்கில் இடம் பெற்றார்கள். வெளிநடப்பு நடந்து அப்போது 58 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இங்கே இன்னொரு ஆட்சேபம் எழும். இதுவரை சொன்னதைவிட வலுவானது. கால்பந்து வெள்ளையர்கள் விதி எழுதிய ஆட்டம். அதை ஆடுவதால் ஆதிக்குடிகளின் தொடர்ச்சி எப்படிக் காக்கப்படும்? அது கரைந்துபோனதற்கு அல்லவா அடையாளம்? இந்தக் கேள்வி நீதிமன்றத்திலேயே வேறு வடிவில் கேட்கப்பட்டது. யோர்ட்டா யோர்ட்டா மக்கள் தங்கள் நிலத்தின் மீதான பூர்வீக உரிமையைக் கோரி 1994-இல் வழக்குத் தொடுத்தார்கள். 1998 டிசம்பரில் நீதிபதி ஓல்னி அதைத் தள்ளுபடி செய்தார். முன்னோரின் சட்டங்களையும் வழக்கங்களையும் கடைப்பிடிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள்ளேயே நின்றுவிட்டது, வரலாற்றின் அலை அந்தத் தொடர்பை அடித்துக்கொண்டு போய்விட்டது என்பது அவருடைய முடிவு. மலோகாவில் வாழ்ந்த 42 பேர் விவசாயம் செய்ய நிலம் கேட்டு 1881-இல் ஆளுநருக்கு அனுப்பிய மனுவை அவர் அதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார். 2002 டிசம்பரில் உயர் நீதிமன்றமும் மேல்முறையீட்டை ஏற்கவில்லை.

பூர்வீக உரிமைச் சட்டம் எதைக் கேட்கிறதோ அதற்குள் நின்று நீதிபதிகள் பேசினார்கள் என்று சொல்லலாம். வரலாறு அந்த எல்லைக்குள் நிற்க வேண்டியதில்லை. உழவு செய்ய நிலம் கேட்டவர்கள் தங்களை மறந்துவிட்டார்கள் என்று முடிவு செய்வது, புதிய கருவியை எடுத்தவன் பழைய ஆளே இல்லை என்று சொல்வதற்குச் சமம். ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களிடையே சர்ச்சை உண்டு. மார்ன்குரூக் போன்ற ஆதிக்குடிப் பந்தாட்டங்களின் சாயல் வில்ஸின் ஆட்டத்தில் இருக்கிறது என்போர் ஒரு பக்கம், அதற்கு ஆவணச் சான்று இல்லை என்போர் மறுபக்கம். அந்தச் சர்ச்சை எப்படி முடிந்தாலும் நம் வாதம் மாறாது. ஒரு சமூகம் உயிரோடு இருக்கிறதா என்பதை அது எந்த ஆட்டத்தை ஆடுகிறது என்று பார்த்து அறிய முடியாது. ஒன்றுகூடி ஒரு காரியத்தைத் தலைமுறை தலைமுறையாக நடத்துகிறதா என்று பார்த்தே அறிய முடியும். கம்மரகஞ்சாவில் ஆடியவர்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும் ரம்பலாராவில் ஆடினார்கள். குடியிருப்பு போனது, மாநிலம் மாறியது, குடிசைகள் போயின. உறவு வட்டம் குலையவில்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று தீர்ப்பு எழுதப்பட்ட அந்த ஆண்டில் இதே மக்கள் வாரந்தோறும் தங்கள் பெயரில், தங்கள் நிர்வாகத்தில் சிறுவர் முதல் மூத்தோர் வரை அணிகளைத் திரட்டிக் களமிறக்கிக்கொண்டிருந்தார்கள்.

தனிக் கழகம் ஊரைப் பிளக்கும் என்ற அச்சமும் சொல்லப்பட்டது. நடந்தது வேறு. ரம்பலாராவில் ஆதிக்குடிகள் அல்லாதவர்களும் ஆடுகிறார்கள். மெல்போர்ன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து 2004-இல் விளையாட்டு, உடல்நலம், கல்வி மூன்றுக்குமான பயிற்சிக் கூடத்தைக் கழகம் தொடங்கியது. பள்ளிப் படிப்பை இடையில் விட்ட இளைஞர்கள் கால்பந்தையும் நெட்பாலையும் பிடித்துக்கொண்டு படிப்புக்குத் திரும்பினார்கள். இனவெறிக் கூச்சல்கள் மைதானங்களில் நின்றுவிடவில்லை. ஏழ்மையும் ஆயுள் குறைவும் ஒரு கழகத்தால் தீர்ந்துவிடக்கூடியவையும் அல்ல. தீர்வாகும் என்று ரம்பலாரா வாக்குக் கொடுக்கவும் இல்லை. பிறர் நமக்காக முடிவெடுக்கும் நிலை மாறி நாமே நமக்காக முடிவெடுக்கும் ஒரு இடமாவது வேண்டும் என்றுதான் கேட்டார்கள். கம்மரகஞ்சா மைதானத்தில் இருந்தது அந்த இடம்தான். அதைத் திரும்பப் பெற இரண்டு தலைமுறைகள் ஆயின.

ஆகவே நாட்டுப்புறக் கழகங்களின் வரலாற்றை எழுதும்போது பட்டங்களையும் கோல் கணக்குகளையும் தொகுத்தால் பாதி வேலைதான் முடிகிறது. லீக்கில் யார் சேர்க்கப்பட்டார்கள், யார் எத்தனை காலம் வெளியே நிறுத்தப்பட்டார்கள், சம்மதம் தர வேண்டியவர்கள் யார் என்ற கேள்விகளையும் கேட்க வேண்டும். அந்தக் கேள்விகளோடு பார்த்தால், ஷெப்பர்டனில் 1997-இல் அச்சான ஆட்டப் பட்டியல் அந்த வட்டாரத்தின் மிக முக்கியமான அரசியல் ஆவணங்களுள் ஒன்று. யோர்ட்டா யோர்ட்டா மக்களை அண்டை ஊர்கள் தமக்குச் சமமான ஒரு தரப்பாக எழுத்தில் ஏற்றுக்கொண்டது அதில் பதிவாகியிருக்கிறது.

(தொடரும்)